பனியில் தூங்கி மே கடைசியில் எழும் செம்பருத்தி

சென்ற இதழில் மழைநீரைப் பற்றி எழுதும்போது ஒரு வரி சேர்த்திருந்தேன். ‘கூரைத் தண்ணீர் இறங்கும் குழாய்க்குப் பக்கத்தில் விதை போட்டு வளர்த்த செம்பருத்தி 11 பனிக்காலம் பார்த்துவிட்டது, இன்னும் பூக்கிறது’ என்று. அந்த ஒரு வரிக்கு வந்த அளவு கடிதங்கள் இந்தப் பக்கத்தில் வேறு எதற்கும் வந்ததில்லை. செம்பருத்தி என்றால் நமக்கு அப்படி ஓர் ஒட்டுதல். அதனால் இந்த மாதம் பக்கம் முழுக்க அதற்கே. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒருவர் கடிதத்தை மட்டும் எடுத்துக்கொண்டேன். நான் இருப்பது நியூஜெர்சியின் நடுப்பகுதி. தேதிகள் எல்லாம் இங்குள்ள கணக்கு. வடக்கே இருப்பவர்கள் ஒன்றிரண்டு வாரம் தள்ளிவைத்துக்கொள்ளுங்கள்.

*அக்கா, வருஷா வருஷம் மே மாதம் கடையில் ஒரு செம்பருத்தி வாங்குகிறேன். அக்டோபர் கடைசியில் ஒரே ராத்திரியில் கருகிப்போகிறது. வீட்டுக்குள் எடுத்து வைத்தால் வெள்ளை ஈ. பனியைத் தாங்கும் செம்பருத்தி என்று நிஜமாகவே ஒன்று இருக்கிறதா? – வாசகி, எடிசன்*

இருக்கிறது தங்கச்சி. அதுவும் நீங்கள் குடியிருக்கும் இந்த மண்ணிலேயே பிறந்த செடி.

கடையில் நீங்கள் வாங்குவது நம் ஊர் வாசலில் நிற்கும் அதே செம்பருத்தி, ஹிபிஸ்கஸ் ரோசா-சைனென்சிஸ். இலை கரும்பச்சையாக எண்ணெய் தடவியதுபோல் பளபளக்கும். அது வெயில் நாட்டுச் செடி. ஒரு ராத்திரி உறைபனி விழுந்தால் இலையும் தண்டும் போய்விடும், இங்குள்ள பனிக்காலத்தில் வேரும் பிழைக்காது. நான் சொல்வது ஹிபிஸ்கஸ் மாஸ்க்யூட்டஸ். இங்கே ரோஸ் மேலோ, ஸ்வாம்ப் மேலோ என்று பெயர். நர்சரியில் ஹார்டி ஹிபிஸ்கஸ் என்று கேட்டால் கொடுப்பார்கள். இலை பெரிதாக, பளபளப்பில்லாமல் இருக்கும். திருப்பிப் பார்த்தால் அடியில் வெளுப்பாக மெல்லிய பூனைமுடி. பூ, காட்டுச் செடியிலேயே 6 முதல் 8 அங்குலம். தேர்ந்தெடுத்து வளர்த்த ரகங்களில் 10, 12 அங்குலம்கூட உண்டு. சாப்பாட்டுத் தட்டு அளவு என்று சொன்னால் மிகையில்லை.

இது சதுப்பு நிலத்துச் செடி. கிழக்குக் கரை மாநிலங்கள் பலவற்றில், தெற்கே ஃப்ளோரிடா, டெக்சஸ் வரைக்கும் தானாக வளர்கிறது. ஆகஸ்ட் மாதம் நியூஜெர்சியின் தென்முனையில் இருக்கும் கேப் மே என்ற ஊருக்குப் போனீர்கள் என்றால் கழிமுக ஓரங்களில் நாணலுக்கு நடுவே வெள்ளையும் ரோஜா நிறமுமாகத் தலைதூக்கி நிற்கும். முதல் தடவை பார்த்தபோது வண்டியை ஓரம் கட்டச் சொல்லி இறங்கி நின்றேன். கும்பகோணத்தில் எங்கள் வீட்டுக் கிணற்றடியில், குளித்த தண்ணீரும் துவைத்த தண்ணீரும் ஓடுகிற இடத்தில்தான் செம்பருத்தி நின்றது. இதுவும் கால் நனையும் இடத்தில் நிற்கிறதே என்று மனசுக்கு ஏதோ செய்தது.

ஒரு பெரிய வித்தியாசத்தை மட்டும் மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். நம் செம்பருத்தி வருஷம் முழுக்க நிற்கும் புதர். இது அப்படியல்ல. பனி வந்ததும் மேல்பாகம் மொத்தமும் காய்ந்துவிடும். மஞ்சள் செடி காய்ந்து சாய்ந்தாலும் கிழங்கு மண்ணுக்குள் உயிரோடு இருக்கிறதல்லவா, அதுபோல வேர் மட்டும் தூங்கும். அடுத்த வருஷம் தரையிலிருந்து புதுத் தண்டு கிளம்பி, ஜூலைக்குள் 4, 5 அடி உயர்ந்து, செப்டம்பர் வரை பூக்கும். இதற்கு வெள்ளை ஈயும் வேண்டாம், வீட்டுக்குள் இடமும் வேண்டாம்.

*ஆசையாக 20 விதை வாங்கி, நல்ல மண்ணில் போட்டு, ஒரு மாதம் தண்ணீர் தெளித்தேன். ஒன்றுகூட முளைக்கவில்லை. விதை கெட்டுப்போனதா? – வாசகர், பார்ஸிப்பனி*

பெரும்பாலும் விதை கெட்டிருக்காது தம்பி. மண்ணைக் கிளறிப் பாருங்கள், போட்ட விதை போட்டபடியே கெட்டியாகக் கிடந்தால் இன்னும் உயிரோடு இருக்க வாய்ப்பு அதிகம். எடுத்துக் கழுவி மறுபடி ஆரம்பிக்கலாம்.

இந்த விதைக்குத் தோல் கெட்டி. சதுப்பு நிலத்தில் தண்ணீரில் மிதந்து போய், குளிரில் உறைந்து இளகி, மணலில் உரசி, தோல் தேய்ந்த பிறகு முளைப்பதுதான் அதன் வழக்கம். தோலைத் தாண்டித் தண்ணீர் உள்ளே போகாதவரை மாதக்கணக்கில் ஈரத்தில் கிடந்தாலும் அசையாது. அந்த வேலையை நாம் கையால் செய்துகொடுக்க வேண்டும்.

விதை கடுகைவிடப் பெரியது, மிளகைவிடச் சிறியது. ஒரு பக்கம் காம்பு ஒட்டியிருந்த தழும்பு தெரியும். அந்தப் பக்கத்தைத் தொடாதீர்கள், முளை அங்கேதான் வரும். எதிர்ப்பக்கத்தை உப்புத்தாளில் நாலைந்து தடவை உரசுங்கள். பழுப்புத் தோல் போய் உள்ளே வெளுப்பாக ஒரு புள்ளி தெரிந்தால் போதும், அதற்கு மேல் வேண்டாம். நகவெட்டியால் ஒரு துளி கிள்ளியும் விடலாம். எனக்குக் கண் பார்வை குறைந்ததிலிருந்து உப்புத்தாள்தான். இரண்டு தாள்களுக்கு நடுவே விதைகளைப் போட்டு உள்ளங்கையால் மெதுவாக உருட்டுவேன்.

அப்புறம் கை பொறுக்கிற சூட்டில் ஒரு டம்ளர் வெந்நீர், அதில் விதையைப் போட்டு ராத்திரி முழுக்க விட்டுவிடுங்கள். கொதிக்கிற தண்ணீர் கூடாது. காலையில் ஊறிய விதை ஒன்றரை மடங்கு வீங்கியிருக்கும், பார்த்தாலே தெரியும். வீங்காமல் கிடப்பதை வெளியே எடுத்து இன்னும் கொஞ்சம் உரசி மறுபடி ஊறப்போடுங்கள். தண்ணீரில் மிதக்கிறதே என்று எறிந்துவிடாதீர்கள். இது மிதக்கவே பிறந்த விதை. வீங்குகிறதா என்பதுதான் கணக்கு.

விதை போடும் கலவையில் கால் அங்குல ஆழம். அடுத்தது சூடு, நிறையப் பேர் கோட்டை விடுவது இங்கேதான். பிப்ரவரியில் நம் வீட்டு ஜன்னலோரம் 60 டிகிரி ஃபாரன்ஹீட் இருந்தால் அதிகம். இந்த விதைக்கு 75 முதல் 80 வேண்டும், அதாவது செல்சியஸில் 24 முதல் 27. நாற்றுத் தட்டுக்கு அடியில் ஹீட் மேட் என்கிற சூடேற்றும் விரிப்பைப் போடுங்கள். இல்லையென்றால் ஃப்ரிட்ஜின் தலைமேல் வையுங்கள். முளை வரும்வரை வெளிச்சம் தேவையில்லை. இப்படிச் செய்தால் ஒரு வாரத்தில் முதல் முளை தெரியும், மூன்று வாரத்துக்குள் வர வேண்டியவை வந்துவிடும். வந்ததும் உடனே விளக்கடிக்கு மாற்றுங்கள். முதல் இரண்டு இலைகளைப் பார்த்தால் வெண்டைக்காய் முளைத்திருக்கிறதோ என்று தோன்றும். தோன்றுவதில் தப்பில்லை. வெண்டையை, செடிகளுக்கு லத்தீன் பெயர் வைத்த ஸ்வீடன் அறிஞர் லின்னேயஸ் 1753-ல் ஹிபிஸ்கஸ் எஸ்குலென்டஸ் என்று இதே குடும்பப் பெயரில்தான் எழுதிவைத்தார், பிறகுதான் தனிப் பிரிவுக்கு மாற்றினார்கள். நம் வீடுகளில் வெண்டை விதையை முந்தின ராத்திரி ஊறவைத்துப் போடுவதும் இதே காரணத்தால்தான்.

நேரம் பற்றி: இங்கே கடைசி உறைபனி மே மாத முதல் இரண்டு வாரத்துக்குள் முடிந்துவிடும். அதற்கு 10, 12 வாரம் முன்னால், அதாவது பிப்ரவரி கடைசியில் விதை போடுங்கள். மே 15-க்குப் பிறகு தோட்டத்தில் நடலாம். அதற்கு முன்பு ஒரு வாரம் பகலில் வெளியே நிழலில் வைத்து, ராத்திரி உள்ளே எடுத்துப் பழக்குங்கள். சீக்கிரம் போட்ட நாற்று அந்த வருஷம் ஆகஸ்டிலேயே ஒன்றிரண்டு பூ காட்டினாலும் காட்டும். காட்டாவிட்டால் அடுத்த வருஷம் காட்டும்.

விளக்கு, ஹீட் மேட் எதுவும் இல்லாதவர்களுக்கு வேறு வழி இருக்கிறது. பிளாஸ்டிக் பால் கேனை நடுவில் அறுத்து, அடியில் ஓட்டை போட்டு, மண் நிரப்பி, உரசாத விதையை அப்படியே ஜனவரியில் போட்டு, கேனை டேப் ஒட்டி மூடி, வெளியே பனியில் வைத்துவிடுங்கள். மூடியை மட்டும் திறந்து விடுங்கள். உறைவதும் இளகுவதுமாகத் தோல் தானே விட்டுக்கொடுக்கும். முளைப்பது மே மாதம் ஆகும், ஆனால் அந்த நாற்று நல்ல உறுதி.

*முளைத்த நாற்றுகள் அடித்தண்டு கறுத்து, மெலிந்து, ஒவ்வொன்றாகச் சாய்கின்றன. – வாசகி, சிகாகோ*

அது பூஞ்சணம். ஈரம் அதிகம், காற்று குறைவு. சாய்ந்தவை பிழைக்காது, எடுத்துவிடுங்கள். மேலே தண்ணீர் தெளிப்பதை நிறுத்தி, தட்டில் ஊற்றி அடியிலிருந்து உறிஞ்ச விடுங்கள். அரை மணி கழித்து மீதியைக் கொட்டிவிடுங்கள். ஹீட் மேட்டை முளைத்தவுடனே எடுத்துவிட வேண்டும். சின்ன மின்விசிறி ஒன்றை எட்ட வைத்து மெதுவாக ஓடவிட்டால் தண்டும் தடிக்கும். தோட்டத்து மண்ணைத் தட்டில் போட்டிருந்தால் அடுத்த தடவை வேண்டாம்.

*தோழி வீட்டில் அரக்குச் சிவப்பில் பெரிய பூ. விதை வாங்கிப் போட்டேன். இரண்டு வருஷம் காத்திருந்து பூத்தது வெளிர் ரோஜா நிறம். ஏமாற்றமாக இருக்கிறது. – வாசகி, கொலம்பஸ், ஒஹாயோ*

உங்கள் ஏமாற்றம் புரிகிறது. ஆனால் அந்தச் செடியைப் பிடுங்கிவிடாதீர்கள், நான் சொல்வதை ஒருமுறை கேளுங்கள்.

பெயர் வைத்து விற்கும் பெரிய பூ ரகங்கள் பெரும்பாலும் கலப்பு. சதுப்புச் செம்பருத்தி, ஜார்ஜியா, ஃப்ளோரிடா பக்கத்துச் சிவப்பு காக்சினியஸ், ஈட்டி இலை கொண்ட லேவிஸ் என்று மூன்று இனங்களை மாற்றி மாற்றிச் சேர்த்திருப்பார்கள். 1955-ல் ராபர்ட் டார்பி உருவாக்கிய ‘லார்ட் பால்டிமோர்’ அந்த வழியில் வந்த ரத்தச் சிவப்பு. நெப்ராஸ்காவின் லிங்கன் நகரில் ஃப்ளெமிங் சகோதரர்கள் செம்பு நிற இலையோடு ‘காப்பர் கிங்’ கொடுத்தார்கள். இந்த மாதிரிச் செடியின் விதையில் அந்தப் பூ திரும்பி வராது. தாத்தா மூக்கும் பாட்டி நிறமும் பேரனுக்கு வருவதுபோல எது வேண்டுமானாலும் வரும். நான் ஒரு சிவப்பின் விதையில் 7 செடி எடுத்தேன். 5 ரோஜா, ஒன்று வெள்ளை நடுவில் சிவப்புக் கண், ஒன்றே ஒன்று சிவப்பு. அந்த வெள்ளைதான் இன்று எங்கள் வீட்டிலேயே அழகான செடி. அதன் ஜோடி உலகத்தில் எந்தக் கடையிலும் கிடையாது.

அதே நிறம்தான் வேண்டும் என்றால் இரண்டு வழி. விதையிலேயே ஓரளவு நிறம் மாறாமல் வரும்படி தேர்ந்தெடுத்த ரகங்கள் இருக்கின்றன: ‘டிஸ்கோ பெல்’, ‘லூனா’. நிறம் எழுதிய பாக்கெட்டாகப் பார்த்து வாங்குங்கள். இரண்டும் 3 அடிக்குள் நிற்கும், சின்னத் தோட்டத்துக்கு நல்லது. இன்னொரு வழி, தோழியின் செடியில் ஜூன் மாதம் இளந்தண்டு வெட்டி வேர்விடச் செய்வது. ஆனால் லேபிளில் பேட்டன்ட் எண் இருந்தால் அந்த ரகத்தைக் கட்டிங் போட்டுப் பெருக்கக் கூடாது. 1930-லிருந்தே இங்கே அதற்குச் சட்டம் உண்டு.

*போன வருஷம் நட்டு நன்றாகப் பூத்தது. இந்த வருஷம் மே 10 ஆகியும் ஒரு துளிர்கூட இல்லை. பக்கத்து வீட்டில் ஹோஸ்டா எல்லாம் விரிந்துவிட்டது. வீட்டுக்காரர் தோண்டி எடுத்துவிடலாம் என்கிறார். – வாசகி, ஃபிலடெல்ஃபியா*

வேண்டாம் அம்மா. மண்வெட்டியைக் கீழே வைக்கச் சொல்லுங்கள்.

இந்தக் கேள்வியை மட்டும் 14 பேர் கேட்டிருக்கிறீர்கள். நான் இந்தப் பக்கத்தை எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான். மற்ற செடிகள் எழுந்து, குளித்து, உடுத்தி நிற்கும்போதும் இது தூங்கிக்கொண்டிருக்கும். மண்ணுக்குள் சூடு ஏறினால்தான் எழும். எங்கள் வீட்டில் மே 20-க்கு முன்னால் எழுந்ததே இல்லை. குளிர் நீண்ட ஒரு வருஷம் ஜூன் முதல் வாரம் ஆனது. எழுந்த பிறகு அதன் வேகத்தைக் கண்ணால் பார்க்கலாம், வாரத்துக்கு அரை அடி ஏறும்.

நான் முதன்முதலில் விதையிலிருந்து எடுத்த செடியை, இரண்டாம் வருஷம் மே முதல் வாரத்தில், செத்துவிட்டது என்று நினைத்துத் தோண்டினேன். வேர் என் மணிக்கட்டுத் தடிமனில் இருந்தது, வெட்டுப்பட்ட இடம் பச்சை வெண்டைக்காய் மாதிரி வழுவழுவென்று ஈரமாக இருந்தது. நடுவில் ரோஜா நிறத்தில் மூன்று மொட்டுகள், அரிசி அளவில். திரும்பப் புதைத்தேன், பிழைக்கவில்லை. அந்த மூன்று மொட்டு இன்றைக்கும் என் கண்ணில் நிற்கிறது.

அதனால் ஒன்று செய்யுங்கள். இலையுதிர் காலத்தில் காய்ந்த தண்டை அடியோடு வெட்டாதீர்கள். முழங்கால் உயரத்துக்கு விட்டுவிடுங்கள். செடி எங்கே இருக்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம். வசந்தத்தில் புதுத் துளிர் கண்ட பிறகு பழைய தண்டை வெட்டிக்கொள்ளலாம். நவம்பர் கடைசியில் வேர்மேல் நாலு அங்குலம் காய்ந்த இலைச் சருகு போட்டு மூடினால் முதல் வருஷக் கன்றுக்குப் பாதுகாப்பு. வீட்டுக்காரரிடம் ஜூன் 15 வரை தவணை கேளுங்கள்.

*இங்கே ஸ்கார்பரோவில் செவ்வரத்தை வெளியில் வளருமோ? – வாசகர், டொரோண்டோ*

வளரும் ஐயா. உங்கள் ஒன்டாரியோவின் தெற்கே, ஈரி ஏரிக்கரையில் பாயிண்ட் பீலி சதுப்பில், நீங்கள் செவ்வரத்தை என்று சொல்லும் இந்தச் செம்பருத்தி தானாகவே நிற்கிறது. விதையை மார்ச் நடுவில் போடுங்கள், மே கடைசிக்கு மேல் நடுங்கள். தெற்குச் சுவர் ஓரம், வெயில் முழுக்கப் படும் இடமாகப் பாருங்கள். சருகு மூடாக்கு உங்களுக்குக் கட்டாயம். சிவப்பு காக்சினியஸ் மட்டும் வேண்டாம், அது உங்கள் குளிருக்கு ஒத்துவராது.

*இலை எல்லாம் சல்லடை. நரம்பு மட்டும் மிஞ்சுகிறது. பகலில் பார்த்தால் பளபளவென்று வண்டும் இருக்கிறது. பிடி (Bt) மருந்து அடித்தும் குறையவில்லை. – வாசகர், பிரின்ஸ்டன்*

இரண்டு பேர் தனித்தனியாக வேலை செய்கிறார்கள். இருவரையும் பிரித்துப் பார்க்க வேண்டும்.

இலையைத் திருப்புங்கள். அடியில் அரை அங்குலத்துக்கும் சின்னதாகப் பச்சைப் புழு இருந்தால் அது செம்பருத்தி சாஃப்ளை. தாய்ப்பூச்சி சின்னது, கறுப்பு, கழுத்துப் பக்கம் மட்டும் மங்கிய ஆரஞ்சு. ஒரு கோடையில் தலைமுறை தலைமுறையாக வந்துகொண்டே இருக்கும், கவனிக்காவிட்டால் பத்தே நாளில் செடி முழுக்கச் சல்லடை. தோட்டத்துக்கு வழக்கமாக விற்கும் பிடி என்கிற நுண்ணுயிர் மருந்து வண்ணத்துப்பூச்சி, அந்துப்பூச்சி வகைப் புழுக்களை மட்டும்தான் கொல்லும். இது பார்க்கப் புழு மாதிரி இருந்தாலும் குளவி, தேனீ இனத்தைச் சேர்ந்தது. அதனால்தான் உங்களுக்குப் பலிக்கவில்லை. ஜூன் தொடக்கத்திலிருந்து வாரம் இரண்டு முறை இலையடியைப் பாருங்கள். கொஞ்சமாக இருக்கும்போதே விரலால் நசுக்கிவிடலாம். மிஞ்சினால் பூச்சிக்கான சோப்புக் கரைசலை இலையடியில் படும்படி அடியுங்கள். அதற்கும் அடங்காவிட்டால் ஸ்பினோசாட் என்ற பூச்சிமருந்து. ஈரமாக இருக்கும்போது அது தேனீக்களுக்கும் ஆபத்து, ஆகவே பூ மூடிய பிறகு, பொழுது சாய்ந்துதான் அடிக்க வேண்டும்.

பளபளக்கும் வண்டு ஜப்பான் வண்டு. அமெரிக்காவில் அதை முதன்முதலாகக் கண்டது நம் நியூஜெர்சியில், ரிவர்ட்டன் என்ற ஊரில், 1916-ல். ஜூன் கடைசியிலிருந்து ஆகஸ்ட் வரை இலையையும் பூவையும் சேர்த்துத் தின்னும். காலை 7 மணிக்கு, பனி ஈரத்தில் மந்தமாக இருக்கும்போது, ஒரு டப்பாவில் சோப்புத் தண்ணீர் எடுத்துக்கொண்டு போய்ச் செடியைத் தட்டுங்கள், பொத்தென்று விழும். கடையில் விற்கும் வண்டுப் பொறி வாங்காதீர்கள். அதன் வாசனை தெருவில் இருக்கும் வண்டை எல்லாம் உங்கள் வீட்டுக்கு அழைத்துவிடும்.

நல்லவர்களையும் சொல்ல வேண்டும். ஜூலை, ஆகஸ்டில் பூவுக்குள் கறுப்பாக, பம்பிள் தேனீ மாதிரி ஒன்று மகரந்தத்தில் புரண்டுகொண்டிருப்பதைப் பார்ப்பீர்கள். ரோஸ் மேலோ தேனீ என்று பெயர். பிள்ளைகளுக்கு ஊட்ட இந்தச் செம்பருத்தி வகைப் பூ மகரந்தத்தைத்தான் பெரிதும் நம்பியிருக்கிறது. தண்ணீர்மேல் கால் ஊன்றி நின்று குடித்து, அந்த நீரைக் கொண்டுபோய்க் கெட்டித் தரையை நனைத்துக் குழி தோண்டும். என் செடிக்கு மூன்றாம் வருஷம்தான் வந்தது. அதன் பிறகு நான் பூக்காலத்தில் எந்த மருந்தையும் தொட்டதில்லை.

*இந்தப் பூவைச் சாமிக்குப் போடலாமா? இலையை அரைத்துத் தலைக்குத் தேய்க்கலாமா? – வாசகி, டல்லஸ்*

பூவைத் தாராளமாகப் போடலாம். காலையில் விரியும், அன்றோடு சரி, பறித்தாலும் பறிக்காவிட்டாலும். எங்கள் வீட்டுப் பிள்ளையார் படத்துக்கு ஒரு பூ வைத்தால் படமே மறைந்துவிடும், அதனால் காலடியில் வைக்கிறேன். பறிப்பதால் செடிக்கு நஷ்டமில்லை. மறுநாளைக்கு வேறு மொட்டு தயாராக இருக்கும்.

இலையை நான் அரைத்துப் பார்த்தேன். வழுவழுப்பு இருக்கிறது, ஆனால் இலையடிப் பூனைமுடி தலையில் அரிப்பைக் கொடுத்தது. நான் சிபாரிசு செய்ய மாட்டேன். அதற்கு நம் ஊர்ச் செம்பருத்தி ஒன்றைத் தொட்டியில் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று கவனம்: கடையில் வாங்கிய செடிக்கு வேர் வழியாக ஏறும் பூச்சிமருந்து கொடுத்திருக்கலாம். வாங்கிய வருஷத்து இலையைத் தலைக்கோ வாய்க்கோ எடுக்காதீர்கள். அதிலிருந்து கிளை வெட்டி நீங்களே வளர்த்த செடியென்றால் நிம்மதி.

*அபார்ட்மென்ட் பால்கனியில், தொட்டியில் முடியுமா? – வாசகர், ஜெர்சி சிட்டி*

முடியும், ஆறு மணி நேர வெயில் இருந்தால். 15 காலன் தொட்டிக்குக் குறையக் கூடாது. ‘லூனா’ ரகம் எடுங்கள். ஜூலையில் ஒரு நாள் தண்ணீர் விட்டுப்போனாலும் மொட்டு உதிரும், அதனால் தொட்டிக்கு அடியில் ஆழமான தட்டு வைத்து அதில் எப்போதும் இரண்டு அங்குலம் தண்ணீர் நிற்க விடுங்கள். வேறு எந்தச் செடிக்கும் நான் இப்படிச் சொல்ல மாட்டேன். சதுப்புச் செடிக்கு இது பிடித்தமானது. பனிக்காலத்தில்தான் தொந்தரவு. தரையில் இருக்கும் வேரைச் சுற்றி மண் காக்கும், தொட்டி நாலு பக்கமும் உறையும். சூடு போடாத கராஜ் கிடைத்தால் அங்கே வைத்து மாதம் ஒரு தடவை ஒரு டம்ளர் தண்ணீர் விடுங்கள். தட்டை அப்போது எடுத்துவிட வேண்டும்.

*காய் முற்றியதும் விதை எடுத்து வைத்தேன். பிப்ரவரியில் பார்த்தால் பாதி விதையில் ஊசி ஓட்டை, கவரில் சின்ன வண்டு. – வாசகி, ராலே*

செம்பருத்தி விதை வண்டு. பிஞ்சிலேயே முட்டையிட்டுவிடும், விதைக்குள் வளர்ந்து ஓட்டை போட்டு வெளியே வரும். காய் பழுப்பாகி, நுனியில் ஐந்தாகப் பிளக்கத் தொடங்கிய அன்றே பறியுங்கள். விதையை உதிர்த்து, ஓட்டை விழுந்ததை ஒதுக்கி, ஒரு வாரம் தட்டில் நன்றாகக் காயவிட்டு, பிறகு டப்பாவில் அடைத்து ஒரு வாரம் ஃப்ரீசரில் வையுங்கள். காய்ந்த விதைக்கு ஒன்றும் ஆகாது. அப்புறம் ஃப்ரிட்ஜில் வைத்தால் சில வருஷத்துக்கு முளைப்புத் திறன் இருக்கும்.

*பக்கத்து வீட்டில் ரோஸ் ஆஃப் ஷாரன் என்று மரம்போல ஒன்று இருக்கிறது. அதுவும் இதுவும் ஒன்றா? – வாசகர், பாஸ்டன்*

உறவு, ஆனால் ஒன்றில்லை. அது ஹிபிஸ்கஸ் சிரியாக்கஸ். சிரியாவிலிருந்து வந்தது என்று நினைத்து லின்னேயஸ் வைத்த பெயர், உண்மையில் கிழக்காசியச் செடி. தென் கொரியாவின் தேசிய மலர். கட்டைத் தண்டு, பனியில் இலை உதிர்த்து நிற்கும், சாகாது. பூ 3 அங்குலம்தான். விதையிலிருந்து வளர்ப்பது மிகச் சுலபம், அதுவே தொல்லையும். ஒரு செடி நட்டால் மூன்றாம் வருஷம் புல்வெளி முழுக்கக் கன்று பிடுங்க வேண்டியிருக்கும். எனக்கு அதில் அவ்வளவு ஆசை இல்லை. வேண்டும் என்றால் வாஷிங்டன் தேசியத் தாவரப் பூங்காவில் டொனால்ட் எகால்ஃப் உருவாக்கிய ‘டயானா’ வாங்குங்கள். தூய வெள்ளை, விதை மிகக் குறைவு.

*அம்மாவுக்கு இந்தப் பூவின் படம் அனுப்பினேன், விதை கொண்டுவா என்கிறார்கள். மதுரைக்கு டிசம்பரில் போகிறேன். பெட்டியில் நாலு விதை போட்டுக்கொள்ளலாமா? – வாசகி, அட்லாண்டா*

போடாதீர்கள். நாலு விதையானாலும், 2003-ம் வருஷத்துத் தாவரத் தடுப்பு உத்தரவின்படி அனுமதியும் தாவர நலச் சான்றிதழும் இல்லாமல் இந்தியாவுக்குள் விதை கொண்டுபோகக் கூடாது. மேலே சொன்ன விதை வண்டு உள்ளே இருந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். மதுரையில் வெண்டையும் புளிச்சகீரையும் பூவரசும் எல்லாம் இதன் சொந்தக்காரர்கள். அதோடு இந்தச் செடிக்கு வருஷத்தில் சில மாதம் குளிரில் தூங்க வேண்டும், மதுரை அதைத் தூங்க விடாது.

அம்மா விசா எடுத்து வருவதாக இருந்தால் ஜூலை கடைசியில் வரச் சொல்லுங்கள். இந்த பிப்ரவரியில் நீங்கள் உரசி, ஊறவைத்து, நாலு விதை போடுங்கள். மே மாதம் நடுங்கள். அடுத்த வருஷம் ஜூலையில் அவர்கள் காலை காபி டம்ளரோடு பின்கதவைத் திறக்கும்போது பூ விரிந்திருக்கும்.